செவிக்குரிய கல்வி: ஆங்கில ஆசிரியர் சங்கத்தின் நிலைப்பாடு

பத்தாண்டுகள் ஆங்கிலம் பயின்ற மாணாக்கன், அச்சிட்ட பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்துப் பொருள் சொல்ல வல்லவனாயிருந்தும், அதே வாக்கியத்தை ஒருவர் இயல்பான வேகத்தில் பேசக் கேட்டால் திகைத்து நிற்பதை, அரசுப் பள்ளிகளில் அப்பாஷையைப் போதித்துவரும் எங்கள் சங்கத்தார் நாள்தோறும் கண்டு வருந்துகிறோம். தமிழில் புணர்ச்சி விகாரங்களை எழுத்திலேயே காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்திலோ சொற்கள் பேச்சில் புணர்ந்து உருமாறினும் எழுத்து அதை மறைத்துவிடுவதால், 'டிட் யூ' என்று கண்ணால் படித்தவன், 'டிஜூ' என்று காதில் விழுவதைப் புதுச்சொல் என்றே எண்ணுகிறான்.

ஆகவே, ஆசிரியர் வாசிக்க வகுப்பு முழுவதும் மௌனமாய்க் கேட்டு விடையெழுதும் வழக்கத்தை விடுத்து, நால்வர் கொண்ட சிறு குழுக்களில் கேட்டல் பயிற்சியை நடத்த வேண்டும் என்பதே எங்கள் தீர்மானமான அபிப்பிராயம்.

ரூத் வைன்ரிப் 1990இல் நூலாக விரித்துரைத்த 'டிக்டோகிளாஸ்' முறை இதற்கு மிகவும் ஏற்றது. சிறு பத்தியொன்றை ஆசிரியர் இருமுறை வாசிக்க, மாணாக்கர் பிடிபட்ட சொற்களைத் தனித்தனியே குறித்துக்கொண்டு, பின்பு கூடியமர்ந்து அப்பத்தியை மீண்டும் கட்டுவர். எங்கள் வகுப்பொன்றில், ரயில் வந்த நேரத்தை ஒரு சிறுமி 'செவன் பிஃப்டீன்' என்று எழுதியிருக்க, அடுத்தவள் 'செவன் பிஃப்டி' என்று சாதிக்க, "எட்டு மணிக்கெல்லாம் வீட்ல சாப்பிட்டாங்கன்னு வருதேடி, ஏழு அம்பதுக்கு ரயில் வந்தா எப்படி?" என்று மூன்றாமவள் மடக்க, நால்வரும், "மிஸ், இன்னொரு தடவை வாசிங்க" என்று ஒரே குரலில் கேட்டார்கள். 'டீ' நீள்கிறதா, முடிவில் 'ன்' ஒலிக்கிறதா என்று அவர்கள் செவி தேடிய அந்த மூன்றாம் வாசிப்பைத்தான் நாங்கள் பாடம் என்கிறோம்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருவனே எழுத, ஏனையோர் பார்த்தெழுதுவர் என்னும் ஆட்சேபம் நியாயமானதே. 1971இல் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்ஸன் தம் மாணாக்கரோடு வகுத்த 'ஜிக்சா' முறையில் அதற்குப் பரிகாரம் உண்டு. ஒருவருக்கு நேரம், ஒருவருக்கு இடம், மற்ற இருவருக்கு ஆளும் காரணமும் என்று கேட்க வேண்டியதைப் பங்கிட்டுவிட்டால், எவரையும் ஒதுக்கிவிட்டுக் கதையை முழுமையாக்க இயலாது. குழுவினர் தமிழில் விவாதிப்பதைத் தடுத்தலும் ஆகாது. கேட்டது ஆங்கிலமாயிருக்க, அதை ஆராய்வது தாய்மொழியில் நிகழ்வதால் குறைவொன்றும் இல்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்குரிய 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே போய்விடுகின்றன. அவற்றில் ஒரு பங்கைக் கேட்டலுக்கு ஒதுக்குமாறு கல்வித்துறையை வேண்டுகிறோம். அதுவரை காத்திராமல், வாரத்தில் ஒரு பாடவேளையையேனும் இப்பயிற்சிக்கு அளிக்குமாறு சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.