ஏலம் போவது எவர் கூலி?

வீடு வாங்குகிறவர் சுவரைப் பார்ப்பார்; மனையைப் பார்ப்பார்; பத்திரத்தைப் பார்ப்பார். மதுக்கடையை ஒட்டிய பாரை டெண்டரில் எடுக்கிறவர் எதைப் பார்க்கிறார்? கட்டடம் பெரும்பாலும் வாடகைக் கட்டடம். விற்கும் சரக்கோ டாஸ்மாக்கின் சரக்கு. பார் எடுத்தவருக்குச் சட்டப்படி கிடைப்பது இரண்டே இரண்டு: தின்பண்டம் விற்கும் உரிமை, காலிப் பாட்டில் சேர்க்கும் உரிமை. சுண்டலுக்கும் காலிப் பாட்டிலுக்குமா இத்தனை போட்டி? இத்தனை வழக்கு?

இல்லை, தோழர்களே! டெண்டர் பெட்டியில் விழும் தொகை சுண்டலுக்கான விலை அல்ல. வாரக் கூலியை வாங்கிய கையோடு வந்து உட்காரும் உழைப்பாளிக் கூட்டத்துக்கான விலை அது. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவன், சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்பவன், நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுபவன், திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரியில் ஊர் ஊராய்ச் சுற்றி வருபவன் ஆகிய இவர்கள் எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு செலவழிப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் தொகை எழுதப்படுகிறது. நம் சட்டைப் பையை நமக்குத் தெரியாமல் ஒருவர் விலை பேச, இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார்!

கொரோனா காலம் இந்த வியாபாரத்தின் முகத்திரையைக் கிழித்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடையும் பாரும் மூடின. மே 7-ஆம் தேதி கடை திறந்தது. மறுநாளே மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்துக்கு ஓடித் தடை வாங்கி, மே 16-இல் மீண்டும் திறந்தார்கள். கடைக்கு இருந்த அவசரம் பாருக்கு இல்லை. ஆண்டுக் கடைசி வரை பார் மூடிக் கிடந்தது. இரண்டாம் அலையில் மறுபடி மூடியது, 2021 நவம்பரில்தான் திறந்தது. திறந்த மறுமாதமே புது டெண்டர்!

பழைய குத்தகைதாரர்கள் கொதித்தார்கள். மூடிக் கிடந்த நாளுக்கு ஈடாக உரிமக் காலத்தை நீட்டித் தா என்றார்கள். கோர்ட்டுப் படி ஏறினார்கள். 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி, மதுவிலக்குச் சட்டப்படி பார் நடத்த டாஸ்மாக்குக்கு அதிகாரமே இல்லை, ஆறு மாதத்தில் மூடுங்கள் என்றார். மேல்முறையீடு போயிற்று. பார் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நாம் ஒன்று கேட்கிறோம். மூடிய நாளுக்குக் குத்தகைதாரர் ஈடு கேட்டார், சரி. அந்த நாட்களில் டம்ளர் கழுவியவனுக்கு யார் ஈடு கேட்டது? மேசை துடைத்தவனுக்கும், அடுப்படியில் ஆம்லெட் போட்டவனுக்கும் கூலி போயிற்றே, அதற்கு எந்த வழக்கு? வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே வழக்குப் போட முடியும்! டெண்டர் முதலாளி மாறினால் இவன் வேலையும் மாறும். கட்டடத்துக்கு வாடகை ஒப்பந்தம் உண்டு. இவன் கைக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. டாஸ்மாக் கடைக்குள் நிற்கிற 20,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களாவது பதிவேட்டில் இருக்கிறார்கள். ஆனால் 2003 முதல் அவர்கள் வாங்குவதும் தொகுப்பூதியமே, காலமுறை ஊதியம் அல்ல.

அந்த இடைக்காலத்தில் கஜானா என்ன ஆயிற்று? 2020-21-இல் மதுவால் வந்த வரி வருமானம் 33,811 கோடி ரூபாய். 2022-23-இல் 44,121 கோடி. 2024-25-இல் 48,344 கோடி. நோய் வந்து போனது, உழைப்பவன் கடன்பட்டான், கஜானா மட்டும் கொழுத்தது!

இந்த வருமானம் போனால் சர்க்கார் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் சேலத்து வரலாற்றைப் புரட்டட்டும். நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் ஜில்லாவில்தான், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாணத்தின் மதுவிலக்கு முதன்முதலாகத் தொடங்கியது. கள்ளுக்கடை ஏலப் பணம் போயிற்று. மதுவிலக்கு மேலும் சில ஜில்லாக்களுக்குப் பரவவே, ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார்கள். இன்று வரியும் இருக்கிறது, மது வருமானமும் இருக்கிறது. மதுவுக்கு மாற்றாக வந்த வரி மதுவோடு கைகோத்து நிற்கிறது!

மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்பார்கள். 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் விஷச்சாராயத்துக்குப் பலியானார்களே, அன்று டாஸ்மாக் கடை மூடியா இருந்தது? சேலம் அரசு மருத்துவமனைக்கும் நோயாளிகளைக் கொண்டுவந்து குவித்த நாட்கள் அவை. மலிவுச் சாவைத் தடுப்பது போலீசின் நேர்மை. பாரின் எண்ணிக்கை அல்ல.

மேல்நாட்டைக் காட்டுவோரும் உண்டு. காட்டட்டும். இங்கிலாந்தில் 'பப்' என்பது நிலத்தோடும் கட்டடத்தோடும் விற்கப்படும் சொத்து. 2020 மார்ச்சில், நோய் வாசலில் நின்றபோது, ஸ்டோன்கேட் என்னும் கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியை விழுங்கி 4,000-க்கும் மேற்பட்ட பப்களுக்கு அதிபதி ஆயிற்று. முதலாளித்துவப் பசிக்கு நாடு ஏது? ஆனாலும் அங்கே 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஊரார் தங்கள் பப்பை ஊர்ச் சொத்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். அது விலைக்கு வந்தால், பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். பங்கு போட்டு வாங்கி நடத்தும் கிராமங்களும் இருக்கின்றன.

நாம் பார் வாங்கச் சொல்லவில்லை! ஊரைக் கேட்கும் அந்த முறையைத்தான் சுட்டுகிறோம். நெடுஞ்சாலைக் கடைகள் ஊருக்குள் நகர்ந்த 2017-இல் எத்தனை கிராம சபைகள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன! எத்தனை தாய்மார்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள்! அதற்கும் முன், 2015-இல், மதுக்கடையை மூடக் கேட்டுக் குமரி மாவட்டத்தில் செல்பேசிக் கோபுரம் ஏறி உயிர் விட்டாரே சசிபெருமாள், அவர் நம் சேலத்துக்காரர் அல்லவா?

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. ஒன்று, ஊரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பாருக்கும் டெண்டர் கூடாது. இரண்டு, டெண்டர் நிபந்தனையிலேயே பார்த் தொழிலாளியின் பெயர்ப் பதிவேடும், சட்டக் கூலியும், ஈ.எஸ்.ஐ.யும் இடம்பெற வேண்டும். பார் மூடினால் முதல் ஈடு அவனுக்கு. மூன்று, டாஸ்மாக் ஊழியருக்குக் காலமுறை ஊதியம். நான்கு, உரிமம் இல்லாத பார் ஒன்றுகூட நடக்கக் கூடாது.

இனி டெண்டர் அறிவிப்பு வரும்போது அதைக் குத்தகைதாரர் மட்டும் படிக்கக் கூடாது. கிளைத் தோழர்கள் படிக்க வேண்டும். தறிக்கூடத்திலும் லாரிப் பட்டறையிலும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஏலம் போவது நம் கூலி என்றால், விலை கேட்கும் இடத்தில் நம் குரலும் இருக்கட்டும்!