ஒரே வருடத்தில் மூன்று கிண்ணம்

உங்கள் தோட்டத்தில், சாயங்காலம் ஆனால் பந்தைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு ஓடுகிற பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான். "பந்தா உனக்குச் சோறு போடப் போகிறது?" என்று வாசலில் நின்று கேட்கிற அம்மாவும் இருப்பார். இந்த முறை அந்த இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அப்பாமார்களும் படிக்கலாம், தடையில்லை!

அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் 2010ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வருடத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை நம் நாட்டுக் காற்பந்தில் மூன்று பெரிய வெற்றிகள். சூப்பர் லீக் சிலாங்கூருக்கு. மலேசியக் கிண்ணம் கிளந்தானுக்கு. தென்கிழக்காசியக் கிண்ணம் மலேசியாவுக்கு. இந்த மூன்று குழுக்களுக்கும் பயிற்றுநர் யார் யார் தெரியுமா? கே. தேவன், பி. சத்தியநாதன், கே. ராஜகோபால். மூவரும் நம்மவர்கள். இப்படி ஒரு வருடம் அதற்கு முன் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மஸ்ஜித் இந்தியாவுக்குத் தீபாவளித் துணி வாங்க வருகிறவர்களுக்கு மஸ்ஜித் ஜாமெக் ரயில் நிலையம் தெரிந்திருக்கும். அங்கே ஏறி உட்கார்ந்தால் அதே ரயில் புக்கிட் ஜாலில் அரங்கத்தின் அருகில் கொண்டுபோய் இறக்கிவிடும். 2010இல் அக்டோபர் கடைசியில் அந்த ரயிலில் சிவப்புச் சட்டை. டிசம்பர் கடைசியில் மஞ்சள் சட்டை. சேலைக் கடைப் பைகளோடு நின்ற நம் பெண்கள் நசுங்கிப் போனார்கள், பாவம்!

ஒரு சீசன் என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. அங்கே ஒவ்வொரு குழுவும் சுமார் ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடும். அதற்குப் பிறகுதான் வெற்றி வீரர் யார் என்று முடிவு செய்யும் கடைசிச் சுற்றுகள். ஏறக்குறைய தினமும் ஆட்டம்! நம் சூப்பர் லீக்கில் அவ்வளவு இல்லை. அந்த வருடம் 14 குழுக்கள்; ஒவ்வொன்றும் மற்றவற்றோடு சொந்தத் திடலில் ஒரு முறை, வெளியூரில் ஒரு முறை. ஆக 26 ஆட்டம். வென்றால் மூன்று புள்ளி, சமம் என்றால் ஒன்று. எண்ணிக்கை வேறானாலும் வேலை ஒன்றுதான். மரம் வெட்டுகிறவருக்கு இது நன்றாகப் புரியும். ஒரு நாள் பால் நிறைய வந்தது என்று மறுநாள் பெரட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? மழை கொட்டி வெட்டு நின்றுபோனால் அந்த மாதத்தையே விட்டுவிட முடியுமா? லீக் என்பது அப்படித்தான். பார்க்கிறவர்கள் இறுதியாட்டத்தைத்தான் நினைவில் வைப்பார்கள். பயிற்றுநருக்கோ மார்ச் மாதம் வெளியூரில், ஈரத் திடலில், பாதி ஆட்கள் காயத்தோடு வாங்கிய ஒரு புள்ளியும் கணக்கில் இருக்கும்.

தேவன் அந்தக் கணக்கில் கெட்டிக்காரர். 2009இலேயே சிலாங்கூருக்கு சூப்பர் லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தவர். 2010இல் லீக்கை மறுபடியும் பிடித்தார். முதல் வருடம் பிடிப்பதைவிட இரண்டாம் வருடம் தக்கவைப்பது கடினம். எல்லாக் குழுக்களும் உங்களைத்தான் குறிவைத்து வரும். இன்னொன்றும் உண்டு. 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு நம் லீக்கில் தடை இருந்தது. பணம் கொடுத்துக் கோல் அடிக்க ஆள் கொண்டுவர வழியில்லை. உள்ளூர்ப் பையன்களை வைத்தேதான் எல்லாக் குழுக்களும் ஆட வேண்டும். சஃபி சாலி, சஃபிக் ரஹிம் என்று பின்னால் நாடே கூவிய பெயர்கள் அந்த சிலாங்கூர்க் குழுவில் இருந்தவைதாம்.

அடுத்து சத்தியநாதன். இவர் கதை வேறு மாதிரி. 2007இல் தேசியக் குழுவின் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. அந்த வருடமே மெர்டேக்கா கிண்ணத்தை வென்று காட்டினார். ஆனால் 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்றது குழு. கொஞ்ச நாளில் அந்தப் பதவி போயிற்று. தேசியப் பதவியை இழந்த ஒரு பயிற்றுநர் வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டே காலம் கழிக்கலாம். இவர் கிளந்தானுக்குப் போனார். மலேசியக் கிண்ணம் 1921இல் தொடங்கியது. அன்றிலிருந்து ஒரு முறைகூட அதைத் தொடாத மாநிலம் கிளந்தான். 2009 இறுதியாட்டத்தில் நெகிரி செம்பிலானிடம் 1-3 என்று தோற்று அழுதுகொண்டே ஊர் திரும்பியவர்கள்.

2010 அக்டோபர் 30, சனிக்கிழமை. அதே புக்கிட் ஜாலில், அதே நெகிரி செம்பிலான். நெகிரி முதலில் கோல் போட்டது. போன வருடக் கதைதான் மறுபடியும் என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். இடைவேளைக்குப் பின் கிளந்தான் இரண்டு கோல் போட்டு 2-1 என்று முடித்தது. 89 வருடக் காத்திருப்பு அன்றோடு தீர்ந்தது. கோத்தா பாருவில் ஒரு தமிழருக்கு அன்று கிடைத்த மரியாதையை வேறு யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது ராஜகோபால். இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் ஆடிய பழைய ஆட்டக்காரர் இவர். சத்தியநாதன் விட்டுப் போன அதே தேசியக் குழு நாற்காலியில் 2009இல் உட்கார்ந்தார். அந்த டிசம்பரில் லாவோசில் நடந்த சீ விளையாட்டில், 1989க்குப் பிறகு முதல் முறையாக நமக்குக் காற்பந்துத் தங்கம் வந்தது. 23 வயதுக்குட்பட்ட பையன்கள் அவர்கள். பெரியவர்கள் மோதும் தென்கிழக்காசியக் கிண்ணத்துக்கும் அந்தப் பையன்களில் பலரை ராஜகோபால் கூட்டிக்கொண்டு போனார். "சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்?" என்று கேட்டவர்கள் உண்டு.

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. முதல் ஆட்டமே இந்தோனேசியாவோடு. முதல் கோல் நமக்குத்தான், நோர்ஷாருல் போட்டார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நம் ஆள் காலிலேயே பட்டு ஒரு கோல், பிறகு வரிசையாக நான்கு. 1-5! மறுநாள் சாப்பாட்டுக் கடைகளில் காற்பந்து தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் பயிற்றுநர் ஆகிவிட்டார்கள். நம்மவர்களே நம்மவரைத் திட்டினார்கள். அதில் மட்டும் நாம் எப்போதும் முதலிடம்.

டிசம்பர் 4இல் தாய்லாந்தோடு 0-0. டிசம்பர் 7இல் லாவோசை 5-1 என்று வென்றோம். ஆனால் அது மட்டும் போதாது. அதே நேரத்தில் வேறு திடலில் தாய்லாந்து இந்தோனேசியாவை வென்றுவிட்டால் நாம் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு வாரம் முன் நம்மைப் புரட்டி எடுத்த இந்தோனேசியாவே அன்று 2-1 என்று தாய்லாந்தைத் தோற்கடித்து நம்மை அரையிறுதிக்கு அனுப்பியது. அந்த இரண்டு கோலும் கடைசிப் பத்து நிமிடத்தில் கிடைத்த பெனால்டிகள். அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்வோம். ஆனால் முதல் ஆட்டத்துக்குப் பிறகு இடிந்து உட்கார்ந்திருந்தால் அந்த அதிர்ஷ்டத்தைக் கைநீட்டி வாங்கவும் ஆள் இருந்திருக்காது.

அரையிறுதியில் வியட்நாம், அப்போதைய வெற்றி வீரர்கள். 15ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் சஃபி சாலி இரண்டு கோல். 18ஆம் தேதி ஹனோயில் 0-0. தடுத்து, தடுத்து, தடுத்தே 90 நிமிடத்தை ஓட்டினார்கள். இறுதியில் மறுபடியும் அதே இந்தோனேசியா! டிசம்பர் 26 இரவு புக்கிட் ஜாலிலில் 80,000 பேருக்கு மேல். நம் ஆட்கள் சிலர் லேசர் விளக்கை எதிரணியினர் முகத்தில் அடித்து, ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. அது அசிங்கம், வென்றோம் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியதும் நோர்ஷாருல் கோட்டருகே தடுப்பாளரை ஏமாற்றிப் பந்தைத் தள்ளிவிட, சஃபி முடித்தார். பிறகு அஷாரி, மறுபடி சஃபி. 3-0. 29ஆம் தேதி ஜகார்த்தாவில் அவர்கள் பெனால்டியைக் கோல் காவலர் கைருல் ஃபாமி பிடித்துப் போட்டார். சஃபி இன்னொரு கோல் அடித்தார். கடைசியில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமக்கு. அந்தப் போட்டியில் மலேசியாவின் முதல் கிண்ணம் அது.

அன்றிரவு மஸ்ஜித் இந்தியாவில், கடை மூடும் நேரம் தாண்டியும் சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சி முன் கூட்டம் கலையவில்லை. விசில் ஊதியதும் பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "உங்கள் ராஜா நல்ல ராஜா!" என்றார். டீக்கு அவரே காசு கொடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் நின்றபோது வேறு ஒன்றும் தோன்றியது. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து மெர்டேக்கா அரங்கம் நடந்தே போகிற தூரம். எழுபதுகளில் தோட்டத்திலிருந்து லாரியில் வந்து இறங்கி, அங்கே ஆட்டம் பார்த்துவிட்டுப் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். அப்போது நம் பெயர்கள் திடலுக்குள் இருந்தன. எம். சந்திரன் தடுப்பில் நிற்பார். கோலில் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம். அந்த நீளக் கைகளை யார் மறப்பார்! 1980இல் மெர்டேக்காவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற குழுவின் காவலர் அவர். புறக்கணிப்பால் மாஸ்கோ போக முடியாமல் போயிற்று. 1988 டிசம்பரில் கார் விபத்தில் 35 வயதில் போய்ச் சேர்ந்தார். 2010இலோ நம் பெயர்கள் திடலுக்கு வெளியே, பயிற்றுநர் பெஞ்சில். உள்ளே எஸ். குணாளன் போல விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தாம். அந்தக் குணாளன் நெகிரி செம்பிலான் ஆட்டக்காரர். அக்டோபரில் அவர் குழு கிண்ணத்தைப் பறிகொடுத்தது, இரண்டு மாதத்தில் நாட்டுக் கிண்ணம் அவர் கையில்!

ஏன் இப்படி ஆயிற்று? தோட்டம் துண்டாடப்பட்டபோது முதலில் போனது திடல். செம்பனை வந்த இடத்திலும் வீடமைப்பு வந்த இடத்திலும் அதே கதை. டவுனில் அடுக்குமாடிக்குக் குடிபோன பையனுக்குக் கார் நிறுத்துமிடம்தான் திடல். திறமை குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஓடுவதற்கு இடம் குறைந்தது.

அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பந்து சோறு போடுமா? போடும், ஆனால் நிரந்தரமாகப் போடாது. கிண்ணம் வாங்கிய மறு வருடமே தேவன் சிலாங்கூரில் இல்லை. சத்தியநாதன் கிளந்தானில் இல்லை. கிளந்தானில் அடுத்து வந்தவரும் நம்மவர்தான், எம். கருத்து. 2011இல் கிளந்தானின் முதல் சூப்பர் லீக்கை வாங்கிக் கொடுத்தார். 2012இல் அந்த நாற்காலியில் வேறொருவர். ராஜகோபால் 2013 வரை தாக்குப்பிடித்தார். இந்தியர் காற்பந்துச் சங்கத்திலிருந்து கிளைத்து வளர்ந்த பி.ஜே. சிட்டி குழு 2022இல் வெளிநாட்டார் ஒருவரும் இல்லாமல் சூப்பர் லீக் ஆடியது. அந்த சீசனோடு லீக்கை விட்டே விலகிவிட்டது. சம்பளம் பல மாதம் பாக்கி என்று ஆட்டக்காரர்கள் புலம்பும் செய்தியும் அடிக்கடி வருவதுதான்.

ஆகவே பையனைத் திடலுக்கு அனுப்புங்கள், பள்ளிக்கூடத்தையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதில் பெரிய குழு கூப்பிடவில்லை என்றால் பந்தோடு உறவு முடிந்தது என்று எண்ண வேண்டாம். பயிற்றுநர் சான்றிதழ் படிப்படியாக எடுக்கலாம். 'சி' நிலை, அதற்கு மேல் 'பி', 'ஏ', கடைசியில் நிபுணர் நிலை. பள்ளிகளிலும் சிறுவர் பயிற்சி நிலையங்களிலும் அப்படிப்பட்டவர்களுக்கு வேலை இருக்கிறது. இதற்கு எழுதப் படிக்கவும், பாடம் கேட்கவும், பத்துப் பேர் முன் நின்று பேசவும் தெரிந்திருக்க வேண்டும். படிப்பை விடாதே என்று நான் சொல்வது அதற்கும்தான், தம்பி.

முடிக்கும் முன் ஒன்று. கிண்ணம் வந்த மகிழ்ச்சியில் பிரதமர் 2010 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமையைப் பொது விடுமுறை என்று அறிவித்தார். டவுன்காரர்கள் சனி, ஞாயிறு சேர்த்து மூன்று நாள் கொண்டாடினோம். உங்கள் தோட்டத்தில் அன்று பெரட்டு நடந்ததா, லீவு விட்டார்களா? நினைவிருப்பவர்கள் தோட்டத்தின் பெயரோடு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.