கேதத்துக்கு வராதவர்

புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1928 மே மாதம் பாரிசில் காலமானார். உடல் ஊர் வரவில்லை. லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் தகன மேடையில் எரியூட்டினார்கள். கப்பலேறினால் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆன காலம் அது. சொந்தபந்தம் யாரையும் "ஏன் போகல?" என்று கேட்க வழியில்லை. அரண்மனைக்கே அப்படியென்றால், பர்மாவிலும் மலாயாவிலும் பிள்ளைகளை வைத்திருந்த, புதுக்கோட்டைச் சீமையின் ராயவரம், கோனாபட்டு வீடுகளைச் சொல்லவே வேண்டாம். தகவல் போய், அவர்கள் வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருக்கும்.

இன்று உயிர் போன சில நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போய்விடுகிறது. டவுனிலிருந்து வேனில் ஐஸ் பெட்டி வந்துவிடுகிறது. சிங்கப்பூர், துபாய் விமானங்கள் திருச்சியிலேயே இறங்குகின்றன. பெட்டி இருப்பதால் உடல் காத்திருக்கிறது. உடல் காத்திருப்பதால், மகன் வராமலிருந்தால் அது அவன் எடுத்த முடிவாகவே தெரிகிறது. "பெத்த அப்பன் முகத்தைக் கடைசியாப் பார்க்கக்கூட வரலையே" என்ற பேச்சுக்கு இப்போது இவ்வளவு சூடு இருப்பதற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம் என்பேன்.

ஊர் வழக்கம் எல்லாருக்கும் ஒரே கட்டாயம் போடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கர்ப்பிணியைச் சாவு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். புதுமணத் தம்பதியைத் தடுப்பார்கள். திருவப்பூரிலோ நார்த்தாமலையிலோ மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர் ஒதுங்கி நிற்பார். சபரிமலைக்கு மாலை போட்டவரும் அப்படித்தான். இவர்களை யாரும் குறை சொல்வதில்லை. கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற கடலோர முஸ்லிம் ஊர்களில் ஜனாஸாவை விரைவாக அடக்கம் செய்துவிடுவார்கள். வளைகுடாவில் இருக்கும் மகனுக்காக நாள்கணக்கில் வைத்திருக்கும் பழக்கம் அங்கே இல்லை. எதிரே உடல் இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாவுக்கு ஷாஃபி மத்ஹபில் இடமும் உண்டு. உடம்புக்காக, சாமிக்காக, தூரத்துக்காக வராமலிருப்பதை நம் ஊர்கள் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டன. மனசுக்காக வராமலிருப்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சிக்கல் முழுக்க அங்கேதான்.

ஒருவர் வராததன் கனம் உறவைப் பொறுத்தது. ஒன்றுவிட்ட அண்ணன் வராவிட்டால் நாலு பேர் விசாரிப்பார்கள், அவ்வளவுதான். இறந்தது ஒரு பெண் என்றால், பிறந்த வீட்டுக் கோடி வராமல் போவது பெரிய அவமானம். கொள்ளி வைக்க வேண்டிய மகன் வராவிட்டால் சடங்கிலேயே ஓர் இடம் காலியாகிறது. அதையும் நிரப்ப ஆள் உண்டு. பங்காளி மகன் வைப்பான், பேரன் வைப்பான், இப்போது மகளே வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. சடங்கு நிற்காது. மிச்சமிருப்பது கோபமும் வருத்தமும்தான்.

வராதவர்களில் விசா சிக்கல்காரரும் உண்டு, முதலாளி விடாதவரும் உண்டு. அவர்களைப் பற்றி விளக்க அதிகமில்லை. மனசுக்காக வராதவர்களுக்கு, வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மகளை எடுத்துக்கொள்ளுங்கள். "நான் செத்தாலும் என் முகத்துல முழிக்காதே" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பியிருப்பார். பல வருஷம் கழித்து அவர் செத்தபின், அந்தச் சொல்லைக் காப்பாற்றி வராமல் இருப்பவள் கல்நெஞ்சக்காரி. மீறி வந்தாலோ, வாசலில் யார் மறிப்பார்கள், கூட வந்த கணவனுக்கு என்ன நடக்கும் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயம் இந்த மாநிலத்தில் வெறும் கற்பனையல்ல. குடித்துவிட்டு அடித்தே வளர்த்த அப்பன், தீராத பாகத் தகராறு, ஒரு வீட்டுக்குள் மூடி மறைத்த பாலியல் கொடுமை என்று வெளியே சொல்ல முடியாத காரணங்களும் இருக்கும். பந்தலில் நின்று அதை யாரும் விளக்க மாட்டார்கள். சாவு வீட்டில் இறந்தவரைக் குறை பேசக் கூடாது என்பது நம் மரபு. ஆகவே வராதவருக்காகப் பேச அங்கே ஆள் இருக்காது. ஊருக்கு ஒரு பக்கத்துக் கதைதான் கேட்கும்.

துறவிக்கு இந்தக் கட்டு இல்லை என்பார்கள். உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத்தின் தந்தை 2020 ஏப்ரல் 20 அன்று இறந்தார். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்த ஊரடங்குக் காலம். துறவியான அவரும் துறவைச் சொல்லாமல், ஊரடங்கைச் சொல்லியே போகவில்லை. நம் பக்கத்துக் கதையில் பட்டினத்தார் துறவியாக இருந்தும் தாய்க்குக் கொள்ளி வைக்க வந்தார். தமிழ் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிகிறது.

சொத்து விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: கொள்ளி வைக்காதவனுக்குப் பங்கு இல்லை என்பது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, சொத்துக்காரரைக் கொன்றவர் அந்தச் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது. கேதத்துக்கு வராதவர் வாரிசாக முடியாது என்று ஒரு பிரிவும் சொல்லவில்லை. மற்ற மதத்தவருக்கான வாரிசுச் சட்டங்களும் பந்தலில் இருந்தாரா என்று பார்ப்பதில்லை. உயில் எழுதித் தம் சொந்தச் சம்பாத்தியத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தால் அது தனிக் கதை. இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது, "அவன்தான் வரலையே" என்று ஒரு பெயரை விட்டுவிட முடியாது. விட்டால் பின்னால் வழக்குதான். சாவுக்கு வராத தம்பியின் கையெழுத்துக்காகச் சென்னைக்கும் ஷார்ஜாவுக்கும் அலைவது அப்படித்தான் தொடங்குகிறது.

போக வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் "பார்க்கிறேன்", "டிக்கெட் கிடைக்கல" என்று இழுக்காமல், வரவில்லை என்பதை முதல் போனிலேயே யாராவது ஒரு சித்தப்பாவிடமோ அக்காவிடமோ சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் கொள்ளிக்கு ஆள் பார்க்க முடியும், எடுக்கிற நேரத்தை வெளியூர்ச் சொந்தத்துக்குச் சொல்ல முடியும், பெட்டி வாடகை இன்னொரு நாளைக்கு ஏறாது.