இருபது ரூபாய்க்கு ஒரு பொய்

மாதம் 600 ரூபாய். பட்டம் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் வேலை கிடைக்காத ஒருவருக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகை இது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு 400, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு 300, பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு 200. நாள் கணக்கில் பார்த்தால் பட்டதாரிக்கு 20 ரூபாய். பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. தொகை சிறிது என்பதை எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சிறு தொகையைக் கொடுக்க அரசு விதித்திருக்கும் நிபந்தனைகள் ஏழைப் பிள்ளைகளைப் பொய் சொல்லவைக்கின்றன. அந்தப் பொய்க்கு முத்திரை குத்தும் வேலையை அரசு அலுவலர்கள் தலையில் கட்டியிருக்கின்றன. இதைத்தான் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது முதல் நிபந்தனை. வருமானம் இவ்வளவுதான் என்று வருவாய் ஆய்வாளர் விண்ணப்பத்தில் ஒப்பமிட வேண்டும். 72,000-ஐ 365-ஆல் வகுத்தால் 200 ரூபாய்கூட வராது. அப்பா, அம்மா, பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு நாளைக்கு அதற்குள் பிழைத்தால்தான் அரசின் கண்ணில் ஏழைகள். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஒரு தாய் மாதத்தில் இருபது நாள் அந்தக் கூலிக்கு எங்காவது வேலை செய்தாலே ஆண்டுக்கு எண்பதாயிரத்தைத் தாண்டிவிடும். அவள் மகனுக்கு உதவித்தொகை கிடையாது. 2023-இல் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது இதே அரசு வைத்த வருமான வரம்பு இரண்டரை லட்சம். இரண்டரை லட்சம் வரை தேவையுள்ள குடும்பம் என்று ஒரு துறை ஏற்கிறது. 72,000-ஐத் தாண்டினால் இல்லை என்று இன்னொரு துறை அனுப்பிவிடுகிறது. இரண்டு துறையும் ஒரே கோட்டையில்தானே இருக்கின்றன?

அடுத்தது இன்னும் கொடுமை. விண்ணப்பிப்பவர் சம்பளம் தரும் எந்த வேலையிலும் இருக்கக் கூடாது, சுயதொழிலும் செய்யக் கூடாது. நாள்தோறும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கவும் கூடாது. அப்படித்தான் இருக்கிறேன் என்று ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் பணம் நின்றுவிடும். நாளுக்கு 200 ரூபாயில் நடக்கும் ஒரு வீட்டில், இருபத்தாறு வயதுப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? கொத்தனாருக்குக் கையாளாகப் போவான். தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் நிற்பான். ராத்திரியில் யாருடைய வண்டியையாவது வாங்கிக்கொண்டு சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பான். போகத்தான் வேண்டும், போகாவிட்டால் வீட்டில் உலை ஏறாது. அந்தப் பிள்ளையிடம்தான் “நான் எந்த வேலையும் செய்யவில்லை” என்று அரசு கையெழுத்துக் கேட்கிறது.

மேசைக்கு மறுபக்கம் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இந்த விண்ணப்பங்களைச் சரிபார்ப்பவரும் ஏதோ ஒரு காலத்தில் பதிவு அட்டையோடு வரிசையில் நின்றவராகத்தான் இருப்பார். எதிரே நிற்கும் பையனின் நகக்கண்ணில் சிமென்ட் ஒட்டியிருப்பது அவருக்குத் தெரிகிறது. வருமானக் கட்டத்தில் 72,000-க்குச் சற்றுக் குறைவாக ஓர் எண் எழுதியிருப்பதும் தெரிகிறது. உண்மையைக் கேட்டால் ஓர் ஏழையின் 600 ரூபாயைத் தட்டிப் பறித்தவர் ஆவார். கேட்காவிட்டால் தெரிந்தே பொய்யை ஏற்றவர் ஆவார். தணிக்கையிலோ புகாரிலோ சிக்கினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவரும் அந்தப் பையனும்தான். விதியை எழுதியவர்களிடம் யாரும் விளக்கம் கேட்கப்போவதில்லை. மனசாட்சி உள்ள ஓர் ஊழியரை இப்படி அன்றாடம் நெருக்குவதற்கு எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

ஐந்தாண்டுக் காத்திருப்பைப் பற்றியும் கேட்டாக வேண்டும். இருபத்தொரு வயதில் பட்டம் வாங்கிப் பதிந்த ஒரு பெண்ணுக்கு இருபத்தாறு வயதில்தான் விண்ணப்பிக்கவே தகுதி வருகிறது. அதற்கு இடையில் பதிவைப் புதுப்பிக்கத் தவறினால் அந்தத் தொடர்ச்சியும் அறுந்துபோகும். வேலையில்லாதவருக்கு உதவி தேவைப்படுவது கல்லூரியை விட்டு வெளியே வந்த முதல் ஆண்டில். தேர்வுக்குக் கட்டணம் கட்ட, நேர்காணலுக்குப் பஸ் ஏற, ஒரு நல்ல சட்டை வாங்க அப்போதுதான் கையில் காசு வேண்டும். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வேலை தேடுவதையே கைவிட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கியில் விழும் 1,800 ரூபாய் எதற்கு உதவும்? அதுவும் மூன்றே ஆண்டு. மொத்தம் 21,600 ரூபாயோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

மாற்றி எழுதத் தெரியாத அரசா இது? இதே திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பதிந்து ஓராண்டு ஆனால் போதும். வயது வரம்பில்லை, வருமான வரம்பில்லை, பத்தாண்டுகள் உதவி உண்டு. அவர்களுக்கான தொகையும் 600 முதல் 1,000 ரூபாய்க்குள் நின்றுவிட்டது என்பது வேறு குறை. ஆனால் ஓர் அரசாணையில் மனிதத்தன்மையோடு விதி எழுத முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மத்திய அரசின் இ.எஸ்.ஐ. கழகத்தையும் பாருங்கள். வேலை இழந்த காப்பீட்டாளருக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் 2018 முதல் சராசரி ஊதியத்தில் 25 சதவீதம் தந்துவந்தார்கள். 2020-இல் கொரோனா வந்ததும் அதை 50 சதவீதமாக்கினார்கள். 90 நாள் காத்திருப்பை 30 நாளாகக் குறைத்தார்கள். பழைய முதலாளியின் கையெழுத்துக்காக அலைய வேண்டாம், கிளை அலுவலகத்தில் நேரடியாக மனுக் கொடுக்கலாம் என்றார்கள். நெருக்கடி என்று உணர்ந்தால் விதி சில மாதங்களில் மாறுகிறது. தமிழகத்து இளைஞர்களுக்கு இது நெருக்கடி என்று கோட்டையில் யாருக்கும் இன்னும் உறைக்கவில்லை.

2006-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது பட்டதாரிக்குத் தந்தது 300 ரூபாய். இத்தனை ஆண்டுகளில் அது ஒரு முறை இரட்டித்ததோடு சரி. இன்று அந்த 600 ரூபாயில் ஒரு சமையல் எரிவாயு உருளைகூட வாங்க முடியாது. அதற்குப் பிறகு தொகையை உயர்த்தாமலே ஆட்சிகள் நாளைக் கடத்தியிருக்கின்றன. மாறி மாறி ஆண்ட எல்லோருக்கும் இந்தக் குற்றத்தில் பங்கு உண்டு.

தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை உடனடியாகச் செய்ய வேண்டியதைத் தெளிவாகவே சொல்கிறோம். வருமான வரம்பை இரண்டரை லட்சமாக்குங்கள். ஐந்தாண்டுக் காத்திருப்பை மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ளதுபோல் ஓராண்டாக்குங்கள். பட்டதாரிக்கான தொகை 2,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. மற்ற நிலைகளையும் அதே அளவில் உயர்த்தி, விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏற வழி செய்யுங்கள். பகுதிநேர வேலையையும் தினக்கூலியையும் வேலையில் இருப்பதாகக் கொள்ளும் அந்த உறுதிமொழி வாசகத்தை இன்றே நீக்குங்கள். குறிப்பிட்ட வரம்புக்குள் சம்பாதிப்பதை வெளிப்படையாக எழுதிக் கொடுக்க ஒரு கட்டம் போதும். இதுவரை பசிக்காக அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் மீதும், அதைத் தெரிந்து ஏற்ற அலுவலர்கள் மீதும் எந்த நடவடிக்கையும் எடுக்க மாட்டோம் என்று இந்த மாற்றங்களைச் செய்யும் அரசாணையிலேயே எழுதுங்கள். அடுத்த காலாண்டுப் பட்டியல் வங்கிக்குப் போவதற்கு முன் அது வெளிவர வேண்டும்.