தரை கழுவும் வண்டி வாங்குமுன்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பெரிய தரைகள் பெருகிவிட்டன. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் திரும்பி வந்தபோது, இடிந்து கிடந்த நிலையமும் புதிதாக எழுந்தது. இந்திய அரசின் நன்கொடையில் கட்டிய யாழ்ப்பாணப் பண்பாட்டு மையம் 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் அதற்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டது. 600 பேர் அமரும் அரங்கும் பதினொரு மாடிக் கோபுரமும் அதில் உண்டு. 1850 இல் சிறு மருத்துவமனையாகத் தொடங்கிய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இன்று யப்பானிய உதவியில் எழுந்த பல மாடிக் கட்டடமும் நிற்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய கல்யாண மண்டபங்களோ ஊருக்கு ஊர் இருக்கின்றன. இத்தனை தரையையும் பெரும்பாலும் ஒரு வாளி, ஒரு தும்புத்தடி, ஒரு மொப் ஆகியவற்றைக் கொண்டே மனிதர்கள் கழுவுகிறார்கள்.

அதனால்தான், உட்கார்ந்து ஓட்டும் தரை கழுவும் இயந்திரத்தை வாங்குவோமா என்ற பேச்சு பெரிய நிறுவனங்களின் நிர்வாகக் கூட்டங்களில் எழுகிறது. நல்ல பேச்சு. ஆனால் அது விலைப்பட்டியலிலும் வண்ணப் படத்திலும் தொடங்கினால், மூன்றாம் ஆண்டில் வண்டி மாடிப்படியின் கீழே தூசி படிந்து நிற்கும்.

இயந்திரத்தின் வேலை எளிமையானது. முன்னால் ஒரு தாங்கியில் நல்ல தண்ணீரும் கழுவு திரவமும் இருக்கும். அது சிறிது சிறிதாகத் தூரிகைக்கு இறங்கும். தூரிகை சுழன்று தேய்க்கும். பின்னால் வளைந்த றப்பர் பட்டி அழுக்குத் தண்ணீரை வழித்துக் கூட்ட, உறிஞ்சும் மோட்டர் அதை இன்னொரு தாங்கிக்குள் இழுத்துக்கொள்ளும். வண்டி கடந்துபோன சிறிது நேரத்தில் தரை காய்ந்துவிடும். வைத்தியசாலை விறாந்தையில் ஊன்றுகோலோடு நடப்பவருக்கு இந்தக் காய்தல்தான் முதல் நன்மை. மொப் போட்ட ஈரத்தில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்த ஒரு முதியவருக்கு, அதன் பிறகு தரை எவ்வளவு பளபளத்து என்ன?

இரண்டாவது நன்மை ஓட்டுகிறவருக்கு. துப்புரவு வேலையைச் சில சமூகங்களின் தலையிலேயே கட்டிவைத்த வரலாறு யாழ்ப்பாணத்துக்கு உண்டு. அந்த வேலையை ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு சாரதியைப் போல, பயிற்சி பெற்ற கையோடு செய்வது சின்ன மாற்றமல்ல. வண்டியின் இருக்கையைப் பற்றிப் பேசாமல் மோட்டரின் வலுவை மட்டும் பேசுவது பாதிப் பேச்சு.

இனிக் கணக்குக்கு வருவோம். பட்டியலில் ‘மணிக்கு 4,500 சதுர மீற்றர்’ என்று போட்டிருக்கும். 75 சென்ரிமீற்றர் அகலத் தூரிகை மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் எங்கும் நிற்காமல், எங்கும் திரும்பாமல், ஒரே கோட்டில் ஓடினால் வரும் எண் அது. உண்மையில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏற வேண்டும். தூண் வரும், தள்ளுவண்டி வரும், நோயாளி வருவார். நிமிடத்துக்கு 3 லீற்றர் இறங்கினால் 90 லீற்றர்த் தாங்கி அரை மணியில் காலியாகிவிடும். பிறகு குழாயடிக்குப் போய் அழுக்கை ஊற்றி, நல்ல தண்ணீர் நிரப்பித் திரும்ப வேண்டும். குழாய் கட்டடத்தின் மறுமுனையில் இருந்தால் பட்டியல் எண்ணில் பாதி தேறினாலே பெரிது. வாங்குவதற்கு முன்பே நல்ல தண்ணீர்க் குழாயும் அழுக்கு ஊற்றும் வடிகாலும் ஒரே இடத்தில் இருக்க ஒழுங்கு செய்கிற நிர்வாகம், ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்காமல் பெரிய வண்டி வாங்கிய பலனைப் பெறும்.

அதற்கும் முன்னால் அளவு நாடாவை எடுக்க வேண்டும். தூரிகை 65 சென்ரிமீற்றர் என்றால் பின்னாலுள்ள றப்பர் பட்டி அதைவிட அகலமாக, 85 அல்லது 90 சென்ரிமீற்றர் இருக்கும். பல கதவுகள் அந்த இடத்திலேயே வண்டியை மறித்துவிடும். விறாந்தையில் முழுதாகத் திரும்பச் சாதாரணமாக ஒன்றரை மீற்றருக்கு மேல் இடம் வேண்டும். பற்றரி, தண்ணீர், ஓட்டுநர் எல்லாம் சேர்ந்தால் சிறிய வகை வண்டியே 400 கிலோவைத் தாண்டக்கூடும். எட்டுப் பேர் ஏறும் மின்தூக்கி வழக்கமாக 630 கிலோ தாங்கும், ஆனால் அதன் கதவு வண்டியை உள்ளே விடுமா? நோயாளிக் கட்டில் ஏறும் மின்தூக்கியில் இந்தத் தொல்லை இல்லை. பண்பாட்டு மையத்தின் கோபுரம் போன்ற கட்டடத்தில், ஒவ்வொரு மாடிக்கும் வண்டியை ஏற்றி இறக்குவதைவிடப் பின்னால் நடந்து தள்ளும் சிறிய இயந்திரங்கள் இரண்டு வைத்திருப்பதே புத்தி. நீண்டு, அகன்று, ஒரே மட்டத்தில் ஓடும் விறாந்தையும் வெளிநோயாளர் பிரிவும் உள்ள இடத்தில்தான் உட்கார்ந்து ஓட்டும் வண்டி தன் விலைக்கு வேலை செய்யும்.

குடாநாட்டுக்கென்றே உள்ள கேள்வி தண்ணீர். ஜேர்மனியிலோ அமெரிக்காவிலோ அச்சான கையேடு இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கும். இங்கே இதுதான் முதல் பக்கம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் இது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணக்கல் பாறைக்குள் தேங்கிய மழைநீரைத்தான். அந்தக் கல்லின் கல்சியத்தைக் கரைத்துக்கொண்டே அது கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுவே. கரையோரங்களில் அதோடு சவரும் சேரும். இந்த வன்னீரை வண்டியில் ஊற்றினால் கழுவு திரவத்தின் ஒரு பகுதி கல்சியத்தோடு மல்லுக்கட்டியே வீணாகும். தரையில் மெல்லிய படலம் தங்கி, அதில் மறுநாள் தூசி ஒட்டும். தண்ணீரை விடும் வால்விலும் வடிகட்டியிலும் படிவு ஏறி, ஒரு பக்கத் தூரிகை நனையாமலே சுழலும்.

படிவை அகற்ற மெல்லிய அமிலக் கரைசலைக் குழாய்களுக்குள் ஓடவிடும் முறை உண்டு. தயாரிப்பாளர் அனுமதித்த கரைசலை மட்டும், வடிகாலுக்குப் பக்கத்தில் வைத்து விட வேண்டும். அது மொசைக் தரையில் சிந்தக் கூடாது. மொசைக்கில் பதித்த சில்லுகள் பெரும்பாலும் பளிங்கு. பளிங்கும் சுண்ணாம்பு இனம்தான். அமிலம் பட்டால் பொருமி, பளபளப்பு போய்விடும். கறைக்கு அசிட் ஊற்றித் தேய்க்கும் நம் ஊர்ப் பழக்கம் எத்தனையோ பழைய மொசைக் தரைகளை ஏற்கெனவே குருடாக்கிவிட்டது.

வன்னீருக்கு மாற்று இருக்கிறது. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. ஆனால் அத்தனை மின்சாரம் செலவழித்துக் குடிப்பதற்கென்று எடுக்கும் நீரைத் தரைக்கு ஊற்றுவது முறையல்ல. மழைநீர்தான் தரைக்கு உகந்தது. 1,000 சதுர மீற்றர்க் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு இலட்சம் லீற்றர். ஐப்பசி, கார்த்திகை மாரியில் அது பெரிய மழையே அல்ல. வண்டி நாளுக்கு 200 லீற்றர் குடித்தாலும் 20,000 லீற்றர்த் தாங்கி ஒன்று நூறு நாளைக்குப் போதும். வண்டிக்கான பாதீட்டில் இந்தத் தாங்கிக்கும் ஒரு வரி எழுதுகிற நிறுவனம் குடாநாட்டை அறிந்த நிறுவனம்.

உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வரும் தண்ணீர் இன்னும் கவனத்துக்குரியது. அழுக்குத் தாங்கியைச் சுவர் ஓரத்து மண்ணில் கவிழ்ப்பது எளிது. கீழே இருப்பது ஓட்டையும் வெடிப்புமான சுண்ணக்கல். மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 இல் தீர்ப்பு வந்ததை மறந்திருக்க மாட்டோம். வண்டித் தண்ணீர் அந்த அளவு நஞ்சல்ல. ஆனால் வைத்தியசாலைத் தரையிலிருந்து வந்த நீர் நாளுக்கு இருநூறு லீற்றர் வீதம் ஒரே மூலையில் ஆண்டு முழுவதும் இறங்குவதைச் சின்ன விடயமென்று சொல்ல முடியாது. அது கழிவுநீர்த் தொகுதிக்குத்தான் போக வேண்டும். அந்தத் தாங்கியை ஒவ்வொரு நாளும் கழுவி, மூடியைத் திறந்து காயவிடவும் வேண்டும். மூடிவைத்தால் உள்ளே கிருமி படலமாக வளரும். விடுதிகளுக்குள்ளும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள்ளும் இந்த வண்டி போகவே கூடாது. இரத்தம் சிந்திய இடத்தை முதலில் கையால், குளோரின் கொண்டு துடைத்த பிறகே இயந்திரம் வரலாம்.

மண்ணும் தன் பங்குக்கு வரும். வலிகாமத்தின் செம்மண், வடமராட்சிக் கரையின் வெள்ளை மணல் இரண்டும் செருப்போடு உள்ளே ஏறும். கூட்டாமல் கழுவினால் மணல் தூரிகைக்கடியில் உருண்டு தரையைக் கீறும்; றப்பர் பட்டியின் விளிம்பைத் தின்னும். பட்டியின் விளிம்பு போனால் பின்னால் ஈரக்கோடு விழும். காய்தல் என்ற முதல் நன்மையே போய்விடும். ஆகவே தும்புத்தடிக்கு ஓய்வு கிடையாது. தேய்க்கும் வட்டுக்கும் நிற வழக்கம் உண்டு: கறுப்பு பழைய பூச்சை உரிப்பதற்கு, பச்சை அழுத்தித் தேய்ப்பதற்கு, சிவப்பு அன்றாடத்துக்கு, வெள்ளை மினுக்குவதற்கு. வினைல் விரித்த தரையில் தெரியாமல் கறுப்பை மாட்டினால் சேதம் நிலைத்துவிடும்.

பற்றரி என்ற சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நினைவு உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் அது வடக்குக்கு வரத் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டார்கள். இன்று கடையில் கிடைக்கிறது, ஆனால் வண்டிக்குரியது விலை கூடியது. ஈய அமிலப் பற்றரிக்கு 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்து மின்னேற்றினால் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள். மின்னேற்றும்போது ஐதரசன் வாயு வெளிவரும், காற்றோட்டம் கட்டாயம். பற்றரிக்குள் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும், கிணற்றுநீர் ஒருபோதும் ஆகாது. லிதியம் வகை விரைவாக ஏறும், தண்ணீர் கேட்காது, விலைதான் தடை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. இரவு முழுவதும் ஏற்ற வேண்டிய பற்றரிக்கும் சில மணியில் ஏறும் பற்றரிக்கும் அந்த நாட்களில் பெரிய வேறுபாடு இருந்திருக்கும்.

வெளிநாட்டு உறவுகள் அன்போடு அனுப்பும் இயந்திரங்களிலும் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. மின்னேற்றி அங்குள்ளதாக இருந்தால் வந்த அன்றே புகையக்கூடும். பழைய மாணவர் சங்கமோ ஊர்ச் சங்கமோ அனுப்ப விரும்பினால், இலங்கையில் முகவர் உள்ள வகையை இங்கேயே வாங்கப் பணம் தருவது மேல்.

முகவர் என்பதுதான் விலைக்கு அடுத்து, சில வேளை விலைக்கு முன்னால், பார்க்க வேண்டியது. 1870 இல் தொடங்கிய அமெரிக்க ரெனன்ற் முதல், ஜேர்மனியின் ஹாக்கோவோடு கூட்டுச் சேர்ந்த கோயம்புத்தூரின் ரூட்ஸ் மல்டிகிளீன் வரை பெயர்கள் பல. எந்தப் பெயரானாலும் றப்பர் பட்டியும் தூரிகையும் வடிகட்டியும் யாழ்ப்பாணத்தில் கைவசம் இருக்கின்றனவா, கொழும்பிலிருந்து திருத்துநர் எத்தனை நாளில் வருவார் என்று எழுத்தில் வாங்க வேண்டும். அரச கொள்வனவில் விவரக்குறிப்புக்கு இசைந்த விலைமனுக்களில் பொதுவாகக் குறைந்ததே வெல்லும். ஆகவே உதிரிப்பாகம், பயிற்சி, ஐந்தாண்டுச் செலவு, ஒரு தடவை பற்றரி மாற்றும் விலை இவை எல்லாம் விவரக்குறிப்பிலேயே இருக்க வேண்டும். கேள்விப்பத்திரம் போன பிறகு புலம்பிப் பயனில்லை.

துப்புரவு ஒப்பந்தம் தனியார் நிறுவனத்திடம் இருந்தால் வண்டி யாருடையது, ஒப்பந்தம் மாறும்போது பயிற்சி பெற்றவர் போய்விட்டால் புதியவருக்கு யார் கற்பிப்பது என்பதும் எழுதப்பட வேண்டும். துப்புரவுப் பணியில் பெண்கள் அதிகம். மிதி அவர்களின் காலுக்கு எட்டுகிறதா, சேலையோ சட்டையோ சில்லில் சிக்காதா, எச்சரிக்கை ஒட்டிகள் தமிழில் உள்ளனவா என்று இருக்கையில் உட்காரப்போகிறவரிடமே கேட்க வேண்டும். வண்டி வந்ததைச் சொல்லி அவர்களில் யாரையும் வேலையை விட்டு அனுப்பவும் கூடாது. மூலை, படிக்கட்டு, கழிவறை, கட்டிலடி எல்லாம் இன்னும் கையால்தான் கழுவப்படும். மிச்சமாகும் நேரம் அங்கேதான் போக வேண்டும்.

கையெழுத்திடுமுன் நிர்வாகங்கள் விற்பனையாளரிடம் ஒன்றைக் கேட்கட்டும்: வண்டியை இங்கே கொண்டுவாருங்கள், எங்கள் தண்ணீரை ஊற்றி, எங்கள் விறாந்தையில், எங்கள் பணியாளரை இருத்தி ஒரு முழு நாள் ஓட்டிக் காட்டுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.