எதையும் தாங்குவாளாம்!

‘அவளுக்கென்ன, எதையும் தாங்குவா.’ கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கிறது. கூலி கொடுக்காமல் வேலை வாங்கியவன் உண்டாக்கிய பாராட்டு இது. அமெரிக்கப் பருத்திக்காட்டில் குனிந்து நின்ற கறுப்பினப் பெண்ணின் முதுகில் இதை ஏற்றி வைத்தார்கள். 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஏற்றிய சுமை இறங்கவில்லை.

எது மனநோய் என்று பெயர் சூட்டும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும், தோழர்களே. அடிமை தப்பியோடுவதே ஒரு மனநோய் என்று 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற வெள்ளை மருத்துவர் எழுதினார். அதற்குக் கிரேக்கத்தில் பெயர் வேறு! வைத்தியம்? சவுக்கடி. 1965-இல் மொய்னிஹன் அறிக்கை வந்தது. கறுப்பினக் குடும்பங்களின் சீர்குலைவுக்குப் பெண் தலைமை ஏற்பதையும் ஒரு காரணமாக்கியது. தாங்கினால் குற்றம், தாங்காவிட்டால் பைத்தியம். இப்படிப்பட்டவர்களிடம் போய் மனசைத் திறந்து காட்ட எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்?

அதனால்தான் ‘வீட்டு விஷயத்த வெளிய சொல்லாத’ என்று அம்மாக்கள் மகள்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். இதைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. வீட்டு விஷயம் வெளியே போனால் வாசலில் வந்து நின்றது போலீசும் உதவித்தொகையை வெட்டுகிற அதிகாரியும்தான். மௌனம் அங்கே தற்காப்பு. ஆனால் பாட்டி உயிரைக் காத்துக்கொள்ளப் பூட்டிய கதவுக்குள்ளே பேத்திக்கு மூச்சு முட்டியது. புருஷன் அடித்த அடி, சின்ன வயதில் நடந்த பாலியல் கொடுமை, தூக்கம் வராத ராத்திரிகள் எல்லாம் உள்ளேயே கிடந்தன.

ஃபேனி லூ ஹேமரை நமக்குத் தெரியும். மிசிசிப்பியின் பருத்திக்கூலி. 1961-இல் கட்டியை எடுக்கப் போனவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். 1963-இல் வினோனா சிறையில் அடித்து நொறுக்கினார்கள். 1964-இல் நாடே பார்க்க அதைத் தொலைக்காட்சி முன்னால் சொன்னார். நோயும் சலிப்புமாக இருந்து இருந்தே சலித்துவிட்டது என்ற அவருடைய சொல்லை இயக்கம் முழக்கமாக்கியது, கல்லறையிலும் பொறித்தது. முழக்கம் சரி. ஒரு பொம்பளையின் உடம்பும் மனசும் அதில் முறையிட்டதே, அது எத்தனை பேர் காதில் விழுந்தது? 1977-இல், 59 வயதில் போய்ச் சேர்ந்தார்.

காதில் வாங்கியவர்கள் பெண்கள். 1983-இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் பில்லி ஏவ்ரி கூட்டிய கறுப்பினப் பெண்களின் உடல்நல மாநாட்டுக்குச் சுமார் 2000 பேர் வந்தார்கள். அங்கிருந்து சுயஉதவிக் குழுக்கள் பரவின. (நம்மூர்க் கடன் குழு இல்லை, பணமே கிடையாது.) வட்டமாக உட்கார்ந்து பேசுவது, குறுக்கே பேசாமல் கேட்பது, அவ்வளவுதான். குழந்தைச் சாவு, ரத்தக்கொதிப்பு பற்றிப் பேசத்தான் போனார் ஏவ்ரி. பெண்கள் முதலில் எடுத்தது வன்முறையை. 1987-இல் அந்த அமைப்பு எடுத்த ஆவணப்படத்தில் அம்மாக்களும் மகள்களும் எதிரெதிரே உட்கார்ந்து மாதவிலக்கு, உறவு, ஆசை பற்றியெல்லாம் பேசினார்கள். மகள் குற்றப்பத்திரிகை வாசிப்பதில்லை இது. அம்மா ஏன் வாயைக் கட்டிக்கொண்டாள் என்று மகளுக்கும், அது தன்னை என்ன செய்தது என்று அம்மாவுக்கும் தெரியவேண்டியிருந்தது.

‘சகோதரிகள்’ என்ற வார்த்தையை வெள்ளைப் பெண்ணியவாதிகளும் உரக்கச் சொன்னார்கள்தான். அவர்களில் பலருடைய வீட்டுத் தரையைத் துடைத்தது கறுப்புக் கை. இந்தப் போலித்தனத்தை விடாமல் கிழித்த பெல் ஹூக்ஸ், அதே வார்த்தையைக் கைவிடவில்லை. தன்னிடம் படித்த கறுப்பின மாணவிகளைச் சேர்த்து ‘வள்ளிக்கிழங்குச் சகோதரிகள்’ என்ற குழுவைத் தொடங்கினார். 1993-இல் அதே பெயரில் நூலும் எழுதினார். பெயரின் வேர் டோனி கேட் பாம்பாராவின் ‘உப்புத் தின்பவர்கள்’ நாவலில் (1980) இருக்கிறது. அதன் நாயகி வெல்மா ஒரு முழுநேரப் போராளி. ஊர்ச் சண்டை எல்லாவற்றிலும் முன்னால் நின்றவள் தற்கொலைக்கு முயல்கிறாள். மின்னி ரான்சம் என்ற கிழவி அவளை எதிரே உட்கார வைத்துக் குணப்படுத்துவதுதான் கதை. ‘மனநலமெல்லாம் நடுத்தர வர்க்கத்துப் பிரச்சினை’ என்று பேசும் தோழர்கள் வெல்மாவைப் படிக்கட்டும்.

கூடிப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மருந்து தேவைப்படுகிறவளுக்கு மருந்துதான் தேவை. ஆனால் மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் நிற்க ஒருத்தி வேண்டும். ‘ஒனக்குப் பைத்தியமாடி’ என்று கேட்காத ஒருத்தி.

1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். மால்கம் எக்ஸ் நம் வாசிப்பு வட்டங்களுக்குள் வந்தார். ஏவ்ரியும் பாம்பாராவும் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள். அடுத்த பயிலரங்கின் நிகழ்ச்சிநிரலில் ஒரு மதியத்தைக் காலியாக விடுங்கள். சேரியிலிருந்து வரும் அம்மாக்களும் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள்களும் வட்டமாக உட்காரட்டும். தீர்மானம் வேண்டாம், அறிக்கை வேண்டாம். ஆண் தோழர்கள் அன்றைக்குச் சோறாக்கட்டும்.