உறங்கும் வீட்டில் விழித்திருக்கும் நெருப்பு



சென்ற மாதம் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போயிருந்தேன். கட்டபொம்மனின் கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட மண்ணில், 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டையைப் பார்த்துவிட்டு, அருகிலிருக்கும் சிற்றூரில் வாழும் என் தங்கை வீட்டிற்குச் சென்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கரிசல் நிலம். அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த காட்டில் தங்கை மகன் ஒரு சிறிய விமானத்தைப் பறக்கவிட்டுக் கொண்டிருந்தான். துபாயிலிருந்து விடுப்பில் வந்த அவனுடைய சாச்சா கொண்டுவந்து கொடுத்த பரிசு அது.

இரவு உணவு முடிந்தது. எல்லோரும் படுக்கப் போகும் வேளையில், பையன் விமானத்தின் பேட்டரியைச் சார்ஜரில் மாட்டித் தன் மெத்தையின் தலைமாட்டிலேயே வைத்தான். பக்கத்தில் கொசுவலைக்குள் அவனுடைய சின்னத் தங்கை உறங்கிக் கொண்டிருந்தாள். நான் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். தட்டையாக இருக்க வேண்டிய அது, பொரித்த அப்பளம் போல் உப்பியிருந்தது.

"ரெண்டு மாசமா இப்படித்தான் மாமா இருக்கு. நல்லாத்தான் பறக்குது" என்றான் அவன்.

உடனே மின் இணைப்பைத் துண்டித்தேன். பேட்டரியை முற்றத்திற்குக் கொண்டுபோய், மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்தேன். பையனின் முகம் வாடிவிட்டது. "இத்துனூண்டு பேட்டரிக்கா அண்ணே இவ்வளவு பயப்படுறீங்க?" என்று கேட்டாள் தங்கை. அவளுக்கு அன்றிரவு நான் சொன்ன பதிலையே இந்த மாதம் உங்களுக்கும் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் இத்தகைய விளையாட்டு விமானங்களும், பந்தயக் கார்களும், டிரோன்களும் இன்று நம் இல்லங்கள் பலவற்றிற்கும் வந்து சேர்கின்றன அல்லவா?

தீக்குச்சி சொல்லும் பாடம்

கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலை அறியாதவர் இலர். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் பூசப்பட்டிருக்கிறது. இரண்டும் பிரிந்திருக்கும் வரை ஆபத்தில்லை, உரசினால்தான் நெருப்பு.

லித்தியம் பாலிமர் பேட்டரியின் அமைப்பும் ஏறத்தாழ இத்தகையதே. நேர்மின் தகடும் எதிர்மின் தகடும் மெல்லிய அடுக்குகளாக வைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பிரித்து வைப்பது தலைமுடியை விட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. இடையில் ஊறியிருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக் கூடியது. இவை அனைத்தையும் மூடியிருப்பது கனமான உலோகக் கூடு அன்று; அலுமினியத் தாள் சேர்ந்த ஒரு மென்மையான உறை மட்டுமே. எடை மிகக் குறைவு, ஆற்றலோ மிகுதி. எனவேதான் பறக்கும் மாதிரிகளுக்கு இது உகந்ததாக விளங்குகிறது.

ஆணி குத்தியோ, கீழே விழுந்து நசுங்கியோ, அளவுக்கு மீறி மின்னேற்றியோ, கடும் வெப்பம் பட்டோ அந்தச் சவ்வு சிதைந்தால் உள்ளேயே மின்சாரம் குறுக்கே பாய்கிறது. வெப்பம் எழுகிறது. அந்த வெப்பம் மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கிறது. சில விநாடிகளில் புகையும் தீயும் பீறிடுகின்றன. தீக்குச்சியை உரச ஒரு கை வேண்டும். இந்தப் பேட்டரியோ உரசும் பொருளையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

உப்பல் என்பது உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறுவதன் அடையாளம். "நன்றாகப் பறக்கிறதே" என்பது அதற்குப் பரிகாரமாகாது. உப்பிய பேட்டரியை மீண்டும் மின்னேற்றவே கூடாது.

நடந்தவை

2010 செப்டம்பர் 3-ஆம் நாள் துபாயிலிருந்து புறப்பட்ட போயிங் 747 சரக்கு விமானம் ஒன்றில், லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீ மூண்டது. விமானம் விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் மாண்டனர். நம் மாநிலத்தில் வேலூரில் 2022 மார்ச் மாதம் இரவில் வீட்டில் மின்னேற்றப்பட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. ஒரு தந்தையும் அவருடைய இளம் மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். அந்த ஸ்கூட்டரின் பேட்டரியும் இந்தச் சிறு பேட்டரியும் ஒரே லித்தியம் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவர்களைக் கொன்றது புகை என்பதைக் கவனியுங்கள்.

இதனால் இந்தக் கண்டுபிடிப்பே தீயது என்று கொள்ளலாகாது. லித்தியம் அயனிப் பேட்டரியை உருவாக்கிய அறிஞர் மூவருக்கு 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. முறையறிந்து கையாண்டால் அது நல்ல பணியாள்.

நினைவில் கொள்ள வேண்டிய எண்கள்

முன்பு நிக்கல் காட்மியம் பேட்டரிகள் இருந்த காலத்தில், "முழுவதும் தீர்ந்த பிறகே சார்ஜ் போடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். லித்தியம் பாலிமருக்கு அந்த அறிவுரை நஞ்சு. இதன் ஓர் அறையின் இயல்பான அழுத்தம் 3.7 வோல்ட். முழுதாக மின்னேறினால் 4.2 வோல்ட், அதற்கு மேல் போகக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. ஓய்வு நிலையில் ஓர் அறைக்கு ஏறத்தாழ 3.5 வோல்ட் எஞ்சியிருக்கும்போதே ஆட்டத்தை நிறுத்திவிடுவது நல்லது. பல நாள் எடுத்து வைப்பதாக இருந்தால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். மூன்று அறைகள் கொண்ட பேட்டரியில் முழு அளவு 12.6 வோல்ட், எடுத்து வைக்கும் அளவு 11.4 வோல்ட்.

மின்னேற்றும் முறை

1. லித்தியம் பாலிமருக்கென்றே அமைந்த, ஒவ்வோர் அறையையும் சமன் செய்யும் பேலன்ஸ் சார்ஜரையே பயன்படுத்துங்கள். பேட்டரி வகையையும் அறைகளின் எண்ணிக்கையையும் சரியாக அமைத்த பின்னரே தொடங்குங்கள்.

2. பேட்டரியின் கொள்ளளவுக்கு இணையான மின்னோட்டமே பாதுகாப்பானது. 2,200 மில்லியாம்பியர் மணிக்கு 2.2 ஆம்பியர், 500-க்கு அரை ஆம்பியர். அவசரத்திற்காக அதைக் கூட்டாதீர்கள்.

3. பறந்து இறங்கிய பேட்டரி சூடாக இருக்கும். அது ஆறிய பிறகே மின்னேற்றுங்கள்.

4. மெத்தை, பாய், சோபா, மேஜை விரிப்பு இவற்றின் மீது வைக்காதீர்கள். சிமெண்டுத் தரையில் மண்சட்டியிலோ, செங்கற்களின் மேலோ வையுங்கள். சட்டியை இறுக மூடாதீர்கள். வாயு வெளியேற வழி வேண்டும். வீட்டை விட்டு வெளியேறும் வழியிலும் வைக்காதீர்கள்.

5. மின்னேறும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போதும், தொழுகைக்கு எழும்போதும், உறங்கும்போதும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

6. விமானம் விழுந்து மோதினால் பேட்டரியைக் கழற்றி, அரை மணி நேரமாவது வெட்டவெளியில் வைத்துக் கவனியுங்கள். நசுங்கியிருந்தால் அத்துடன் அதற்கு ஓய்வு கொடுங்கள்.

கோடையும் பயணமும்

நம் கரிசல் சீமையின் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள்ளும் தகரக் கூரையின் கீழும் உண்டாகும் சூட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. முழுதாக மின்னேறிய பேட்டரியை அங்கே வைப்பது அதன் ஆயுளைக் குறைப்பதோடு ஆபத்தையும் வரவழைக்கும். இப்போது வயல்களில் மருந்து தெளிக்கும் டிரோன்களைக் காண்கிறோம். அவற்றில் 22.2 வோல்ட்டில் 16,000 மில்லியாம்பியர் மணி கொண்ட பேட்டரிகளும் உண்டு. பிள்ளையின் பொம்மையில் இருப்பதைவிட அதில் அடங்கிய ஆற்றல் பன்மடங்கு. வயலோரத்தில் மின்னேற்றுவோர் நிழலையும் பொறுமையையும் மறக்கலாகாது.

வளைகுடாவிலிருந்து வரும் உறவினர்களுக்கும் ஒரு சொல். உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்கறைப் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி உண்டு. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. வோல்ட்டை ஆம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும். 11.1 வோல்ட், 2.2 ஆம்பியர் மணி என்றால் சுமார் 24 வாட் மணி. முனைகள் ஒன்றோடொன்று உரசாதவாறு தனித்தனியே ஒட்டுநாடா சுற்றிக் கொண்டுவாருங்கள்.

தீப்பிடித்தால்

முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். எட்டும் தூரத்தில் இருந்தால் மின்சாரத்தை நிறுத்துங்கள். அந்தப் புகை நச்சுத் தன்மையுடையது; அதைச் சுவாசித்துக்கொண்டு பொருளைக் காப்பாற்ற முனையாதீர்கள். மணல் இத்தீயை அணைத்துவிடாது, பரவாமல் தடுக்கும். மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட பின் நிறையத் தண்ணீர் ஊற்றினால் சூடு தணியும். அணைந்தது போலத் தோன்றி மீண்டும் பற்றுவதும் உண்டு. தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழையுங்கள்.

பழுதான பேட்டரியைக் குப்பையிலோ, அடுப்பிலோ, பழைய இரும்புக்காரரின் சாக்கிலோ போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகின்றன. முனைகளில் ஒட்டுநாடா சுற்றி, வீட்டுக்கு வெளியே மணற்சட்டியில் வைத்திருந்து, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

அன்றிரவு வாடிய முகத்துடன் படுத்த பையன், போன வாரம் தொலைபேசியில் பேசினான். புதிய பேட்டரி வந்துவிட்டதாம். அதன் மீது வாங்கிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறானாம். "இப்ப முற்றத்துல சட்டியில வச்சு, பக்கத்துல உட்கார்ந்து பாடம் படிச்சுக்கிட்டே சார்ஜ் போடுறேன் மாமா" என்றான். அவனுடைய உம்மாவுக்கு அதில் இரட்டை மகிழ்ச்சி.

உறங்கப் போகுமுன் விளக்கை அணைத்து, அடுப்பைப் பார்த்துவிட்டுப் படுப்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த பழக்கம். அந்த வரிசையில் இனிச் சார்ஜரையும் சேர்த்துக்கொள்வோம்.